இயந்திரமும் முகம் கொடுக்க வேண்டும்



இம்முறை நமது மடலில் கொஞ்சம் புதிய விடயம் ஒன்றைப் பேசலாம் என்று நினைக்கிறோம். கம்ப்யூட்டர், கையில் இருக்கும் போன், பேங்க் வாசலில் நிற்கும் ஏ.டி.எம். மெசின், மடுவத்தில் தொங்கும் மின்தராசு ஆகியவை மனிதரோடு எப்படிப் பேசுகின்றன, எப்படிப் பேச வேண்டும் என்பதே அந்த விடயம். "இதெல்லாம் படிச்ச பிள்ளைகளுக்குரிய சமாசாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் முப்பது வருசம் மலை ஏறிச் சேர்த்த சேமலாப நிதிக் காசும், இன்றைக்கு நீங்கள் எடுத்த கொழுந்தின் நிறையும் இந்த விடயத்துக்குள்தான் இருக்கின்றன.

பாலையூற்றில் நடந்தது

எங்கள் அத்தை ஒருவர் திருகோணமலையில் பாலையூற்று என்ற இடத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். எழுபத்தேழிலும் எண்பத்து மூன்றிலும் நடந்த கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வடக்கு, கிழக்குப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பலர் என்பது நீங்கள் அறிந்ததே. அப்படிப் போன சொந்தத்தில் பெண் எடுத்தவர் அத்தையின் மகன். அத்தை கடைசி வரை தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு, வயது போனதும் மகனோடு போய்ச் சேர்ந்தார்.

ஒரு விசேசத்துக்காக நாங்கள் கண்டிக்கு வந்து, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக அங்கு போயிருந்தோம். போன இடத்தில் அத்தையின் முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டோம்.

"அத ஏன் கேக்கிற தம்பி. டவுனுக்குப் போயி அந்த மெசின்ல காசெடுக்கப் பார்த்தேன். என்னென்னமோ கேக்குது. நான் பார்த்து முடிக்கிறதுக்குள்ள காட்டைத் துப்பிருது. ரெண்டு தரம் துப்பிருச்சு. பின்னால நின்ன தம்பிதான் எடுத்துக் கொடுத்தாரு."

"நம்பர் யார் அடிச்சது அத்தை?"

"அவருதான் அடிச்சாரு. நான் சொன்னேன், அவர் அடிச்சாரு. காதும் சரியாக் கேக்கலயாம், ரெண்டு தரம் சத்தமாச் சொன்னேன்."

நாங்கள் தலையில் கை வைத்துவிட்டோம். நல்ல காலம், அந்தப் பையன் யோக்கியன். காசு ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் அத்தையின் இரகசிய இலக்கம் விழுந்துவிட்டது. அதுவும் சாதாரணக் காசா? பனியிலும் அட்டைக் கடியிலும் நின்று உழைத்த காசு.

கடைசியில் அத்தை சொன்ன வார்த்தைதான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "மெசின் மேல குத்தமில்ல தம்பி. எனக்குத்தான் புத்தி பத்தாது" என்றார்.

அன்பானவர்களே, இது சரியா? அடுத்த நாள் நாங்களே அத்தையோடு அந்த மெசினுக்கு முன்னால் போய் நின்றோம். முதலில் இரகசிய இலக்கத்தை மாற்றினோம். பிறகு ஒவ்வொன்றாகக் கவனித்தோம். நாங்கள் கண்டது இதுதான்.

வெயில் நேராகத் திரையில் விழுகிறது. எழுத்து மங்கல். திரையின் ஓரத்தில் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொத்தான். ஆனால் திரை பொத்தானை விடக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. உயரமானவர் பார்த்தால் எழுத்தும் பொத்தானும் நேராகத் தெரிகின்றன. அத்தையோ கட்டையான ஆள். அவர் உயரத்துக்கு நாங்கள் குனிந்து பார்த்தபோது எழுத்து ஒரு பொத்தானுக்கும் அடுத்த பொத்தானுக்கும் நடுவில் தெரிந்தது. எதை அமர்த்துவது?

தமிழைத் தெரிவு செய்தோம். தமிழ் வந்தது. ஆனால் என்ன தமிழ்? "மீளப்பெறல்", "நிலுவை விசாரணை" என்று வந்தது. அத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நிலுவையா? தோட்டத்தில எல்லாக் கணக்கும் முடிச்சுக் கொடுத்துட்டாங்களே, நமக்கு என்ன நிலுவை?" என்று கேட்டார். தோட்டத்தில் நிலுவை என்றால் கொடுபடாத சம்பளம். மெசினில் நிலுவை என்றால் கணக்கில் இருக்கும் மிச்சம். "காசு எடுக்க", "எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க" என்று போட்டிருந்தால் அத்தை ஒரு நிமிசத்தில் வேலையை முடித்திருப்பார்.

ஆகவே குறை அத்தையின் புத்தியில் இல்லை. அந்த மெசினைச் செய்தவர், அத்தையைப் போல ஒருவர் அதன் முன்னால் வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை.

இடைமுகம் என்றால் என்ன?

மனிதருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நிற்கும் பகுதியைத்தான் தமிழில் இடைமுகம் என்று சொல்கிறார்கள். திரை, பொத்தான், எழுத்து, சத்தம், படம் எல்லாம் அதில் சேரும். இயந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நாம் பார்ப்பது அதன் முகத்தை மட்டும்தான்.

இது புதிய சங்கதி அல்ல. அந்தக் காலத்தில் விடியக்காலை பிரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். மணிக்கூடு இல்லாத லயத்திலும், எழுத்துத் தெரியாத வீட்டிலும், கண் தெரியாத கிழவிக்கும் அந்தச் சத்தம் ஒரே செய்தியைச் சொன்னது. அதுவும் ஒரு இடைமுகம்தான்.

நம்மவர்கள் ஒருவரைப் பற்றிக் குறை சொல்லும்போது, "போனேன், முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை" என்பார்கள். முன்பு பேங்கில் ஒரு கிளாக்கர் இருந்தார். நாம் தடுமாறினால், "என்னம்மா வேணும்?" என்று கேட்பார். அந்த மனித முகத்தை எடுத்துவிட்டு இயந்திர முகத்தை வைக்கும்போது, அந்த இயந்திரமும் நமக்கு முகம் கொடுக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நோர்மன் 1988 இல் வெளியிட்ட ஒரு நூலில் கதவு, அடுப்பு, சுவிட்சு போன்ற சாதாரணப் பொருள்களை எடுத்து இதையே விளக்கினார். இழுக்க வேண்டிய கதவை நாம் தள்ளிவிட்டு, "நான் ஒரு முட்டாள்" என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் இழுக்க வேண்டுமா, தள்ள வேண்டுமா என்று தோற்றத்திலேயே காட்டாத கதவில்தான் பிழை என்பது அவர் வாதம்.

நாலு இலக்கம் வந்த கதை

ஏ.டி.எம். இரகசிய இலக்கம் பெரும்பாலும் நாலு இலக்கமாக இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

1967 ஜூன் 27 ஆம் திகதி இலண்டனில் என்ஃபீல்ட் என்ற இடத்தில் பார்க்லேஸ் வங்கி ஒரு பணம் தரும் இயந்திரத்தைத் திறந்தது. உலகின் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். இதை உருவாக்கியவர் ஜோன் ஷெப்பர்ட் பேரன். இந்தியாவில் ஷில்லாங்கில் பிறந்த பிரித்தானியர். முதலில் அவர் ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். வீட்டில் சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது, தனக்கு நாலு இலக்கம்தான் நினைவில் நிற்கும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அப்படியே நாலு ஆனது. அதை அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பாவிக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டதால் வந்த நன்மை அது.

இன்னொன்று. பொத்தான் வைத்த போன் வீட்டில் இருந்தால் 5 என்ற பொத்தானைத் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டில் விரலை வைத்தால் மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. கண் தெரியாதவர் அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு எல்லா இலக்கத்தையும் அடிக்கலாம். இருட்டில் போன் எடுப்பவருக்கும் அதுவே உதவி. இந்த 1, 2, 3 மேல் வரிசையில் இருப்பதுகூடச் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தார் பல விதமாகப் பொத்தான்களை அடுக்கி, ஆட்களைக் கொண்டு அடித்துப் பார்க்க வைத்து, அதன் பிறகே 1963 இல் பொத்தான் போனைச் சந்தைக்கு விட்டார்கள்.

பல மெசின்கள் காட்டை முதலில் தந்துவிட்டுப் பிறகு காசைத் தருவதற்கும் காரணம் உண்டு. காசு கைக்கு வந்துவிட்டால், வந்த வேலை முடிந்தது என்று மனம் நினைத்துவிடும். காட்டை மறந்து போய்விடுவோம். மனித மறதியைத் திட்டாமல், மறதிக்கு ஏற்றபடி ஒழுங்கை மாற்றினார்கள். நல்ல இடைமுகம் என்பது இதுதான்.

எழுத்துத் தெரியாதவருக்கும் உரிமை உண்டு

நம் நாட்டிலேயே இதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 1931 இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. வாசிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானோர் எப்படி வாக்களிப்பது? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். தனக்குப் பிடித்தவரின் நிறப் பெட்டியில் சீட்டைப் போட்டால் முடிந்தது. பின்னர் நிறத்துக்குப் பதில் சின்னம் வந்தது. இன்றும் வாக்குச் சீட்டில் சின்னம் இருக்கிறது. "முதலில் எல்லாரும் எழுதப் படியுங்கள், பிறகு வாக்குத் தருகிறோம்" என்று சொல்லாமல், சீட்டை மனிதருக்கு ஏற்றபடி மாற்றினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் கையில் புழங்கும் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். 2011 இல் வெளிவந்த நோட்டு வரிசையில் ஒரு இருபது ரூபாயையும் ஆயிரம் ரூபாயையும் ஒன்றன் மேல் ஒன்று வையுங்கள். மதிப்புக் கூடக் கூட நீளமும் கூடுகிறது. பார்வையற்றவர் விரலால் தொட்டு உணர அடையாளமும் வைத்திருக்கிறார்கள். காசு எல்லாருக்கும் பொது என்றால், அதை அடையாளம் காணும் வழியும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

தமிழ் உள்ளே வந்த பாதை

இயந்திரத்துக்குள் தமிழ் தானாக வரவில்லை. நம் மொழியில் 247 எழுத்து. இத்தனை எழுத்துக்கும் தனித்தனி விசை வைத்தால் தட்டச்சுப் பொறி வீட்டு வாசலுக்குள் நுழையாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா அவர்கள்தான், எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, குறைந்த விசைகளில் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். அவரைத் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்றே அழைக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோது மறுபடியும் அதே சிக்கல். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தமிழை ஏற்றினார்கள். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கடிதம் அடுத்த கம்ப்யூட்டரில் புரியாத கிறுக்கலாக வந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் என்ற குறியீட்டு முறையில் 1991 இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் அது எல்லார் கைக்கும் வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்ற விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நாம் 'க' என்றும் 'ஆ' என்றும் அடித்தால் அதுவே 'கா' என்று சேர்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணத்தையே விசைப்பலகை ஆக்கிவிட்டார்கள் எனலாம்.

கைபேசியில் தமிழில் எழுதும் செல்லினம் என்ற செயலியை மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005 இல் சிங்கப்பூரில் வெளியிட்டார். 2017 இல் கூகுள் நிறுவனம் தமிழில் பேசினால் எழுதிக் காட்டும் வசதியைக் கொடுத்தது. இன்று எழுத்துக்கூட்டத் தெரியாத ஆத்தாவும் பேசியே மகனுக்குச் செய்தி அனுப்பலாம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தமிழ் எழுத்து உள்ளே வந்தால் மட்டும் போதாது, தமிழ்ப் பேச்சும் வர வேண்டும். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழி ஆனது. அதன்படி தமிழில் எழுதிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, யாருக்கும் விளங்காத சொல்லைப் போட்டால் சட்டம் நிறைவேறலாம். அத்தைக்குக் காசு வராது.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது

பாலையூற்றில் இருந்தபோது, துறைமுகப் பக்கம் வேலை செய்யும் அத்தை மகனோடு கடலைப் பார்க்கப் போனோம். கப்பலுக்கு வழி காட்ட மிதவைகள் போடுவார்களாம். நம் பகுதியில் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை மிதவை என்பது ஒழுங்கு.

"சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத ஆளுங்க இருக்காங்களே, அவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டோம்.

"அதுக்குத்தான் மச்சான் வடிவமும் வேற வேற. சிவப்பு மிதவை தகரப் பீப்பா மாதிரி இருக்கும். பச்சை கூம்பு மாதிரி கூராப் போகும். நிறம் தெரியாட்டியும் உருவம் தெரியும்" என்றார்.

எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள். சிவப்பு பச்சை மயக்கம் ஆண்களுக்குத்தான் அதிகம். பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே ஒரு இயந்திரத்தில் "பச்சை எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் பிழை" என்று மட்டும் வைத்தால் போதாது. பச்சையோடு "சரி" என்ற சொல்லும், சிவப்போடு "பிழை" என்ற சொல்லும், முடிந்தால் வேறு வேறு சத்தமும் இருக்க வேண்டும். ஒரு வழி அடைபட்டால் மறு வழி திறந்திருக்க வேண்டும்.

கொழுந்து மடுவத்துத் தராசு

இப்போது நம் வயிற்றோடு சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். பழைய தராசில் முள் ஆடி நிற்பதைச் சுற்றி நின்ற எல்லாரும் பார்ப்பார்கள். "முள்ளு இன்னும் நிக்கலையே" என்று சண்டை பிடிக்கவும் முடிந்தது. இப்போது பல தோட்டங்களில் மின்தராசு வந்துவிட்டது. மின்தராசு கெட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். கணக்குச் சுத்தமாக இருக்க அது உதவும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

இலக்கம் தெரியும் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது? நிறுப்பவருக்கு மட்டும் தெரிந்து, கொழுந்து எடுத்தவருக்குத் தெரியாவிட்டால், அது பாதி முகம்தான் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் இலக்கம் தெரியும்படி தராசைச் செய்ய முடியும்.

இலக்கம் எவ்வளவு பெரிது? பனியிலும் மழையிலும் நாலடி தள்ளி நிற்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த நிறை தனியாகக் காட்டப்படுகிறதா? மொத்தம், கழிவு, மிச்சம் என்று மூன்றும் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. கடைசி இலக்கத்தை மட்டும் காட்டினால் மனதில் சந்தேகம் குடியேறிவிடும்.

நிறுத்ததற்குக் கையில் என்ன கிடைக்கிறது? ஒரு சிறிய துண்டுச் சீட்டோ, போனுக்கு ஒரு செய்தியோ வந்தால், மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒத்துப் பார்க்கலாம்.

இவை சண்டைக்காகக் கேட்கும் கேள்விகள் அல்ல. தராசு நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதன் நேர்மை இரண்டு தரப்புக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போது நிர்வாகத்துக்கும் நிம்மதி, தொழிலாளிக்கும் நிம்மதி.

உயிர் காத்த ஒலிபெருக்கி

இடைமுகம் என்றால் திரை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் நாட்டை ஒட்டிய புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்ற செய்தியை அமெரிக்கக் கடற்படையின் இணையத்திலிருந்து கம்ப்யூட்டரில் எடுப்பார்கள். கடலுக்குப் போகும் மீனவர் எல்லாரும் வந்து அந்தத் திரையைப் பார்ப்பார்களா? மாட்டார்கள். ஆகவே செய்தியைத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வலை பின்னிக்கொண்டு இருப்பவர் காதுக்கே செய்தி போய்ச் சேர்ந்தது.

அதே புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற ஊரிலும் இப்படி ஒரு நிலையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் நிலநடுக்கம், சுனாமி பற்றிய செய்தியை அறிந்து ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னார். ஊரார் தகவல் நிலையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் "எல்லாரும் ஓடுங்கள்" என்று எச்சரித்தார்கள். வீடுகள் அழிந்தன, ஆனால் 3,600 பேர் வரை இருந்த அந்த ஊர்ச் சனம் தப்பித்துக்கொண்டது.

அதே நாளில் நம் திருகோணமலைக் கரையையும் கடல் அடித்தது. அந்தப் பக்கத்து ஆட்களிடம் பேசினால் இன்றும் குரல் தழுதழுக்கும். செய்தி உலகத்தில் எங்கோ இருந்தால் மட்டும் போதாது. அது கடைசி ஆளின் காதுக்கு, அவருக்கு விளங்கும் மொழியில் போய்ச் சேர வேண்டும். மண்சரிவு அபாயத்தில் வாழும் நமது லயங்களுக்கும் இது பொருந்தும். போனுக்கு வரும் எச்சரிக்கைச் செய்தி நல்லதுதான். ஆனால் இராத்திரி பத்து மணிக்குப் போனை அணைத்துவிட்டுத் தூங்கும் குடும்பத்துக்கு அது போய்ச் சேராது. கோயில் ஒலிபெருக்கியும் பழைய தப்பும் இன்னும் தேவைதான்.

நாங்கள் விட்ட பிழை

மற்றவரைக் குறை சொல்லும் முன் நமது குறையையும் சொல்லிவிட வேண்டும். கூரைத் திருத்தத்துக்குப் போன் மூலம் விண்ணப்பிக்கும் படிவம் ஒன்றை நாங்கள் தயாரித்தோம். நமக்கு நன்றாக விளங்கியது. இளம் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து விண்ணப்பம் வந்தது. கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கும் வீடுகளிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூரை ஒழுகுவது அங்கேதான் அதிகம்!

டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர், ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே ஒரு இடைமுகத்தின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். அவ்வாறே செய்தோம். பிள்ளைக்காம்பரா வாசலில் ஐந்து பேரிடம் போனைக் கொடுத்தோம். எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தோம். அதுதான் கஷ்டமான வேலை! ஒருவர் பிறந்த திகதிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடையாள அட்டை வீட்டில் இருந்தது. இன்னொருவர் ஒரு பிழையான இடத்தை அமுக்கிவிட்டு, திரும்பி வர வழி தெரியாமல் எல்லாவற்றையும் இழந்தார். மூன்றாமவர் எல்லாம் சரியாகச் செய்தும், "போயிருச்சா, போகலையா?" என்று எங்களைக் கேட்டார். படிவம் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் பாதிக் கேள்வியைக் குறைத்தோம். "பின்னால் போக" என்ற பொத்தான் வைத்தோம். முடிவில் "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்று தமிழில் ஒரு வரி வர வைத்தோம். போன் இல்லாதவருக்குப் பழைய கடதாசிப் படிவத்தையும் தொடர்ந்து வைத்திருக்கிறோம். புதிய கதவைத் திறக்கும்போது பழைய கதவை மூடக்கூடாது என்று கற்றுக்கொண்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வலது குறைந்தோருக்கான உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய் வர வசதி வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகள் வெளியாயின. ஐக்கிய நாடுகளின் வலதுகுறைந்தோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதி செய்தது. அந்தச் சமவாயம் தகவல், தொடர்பாடல் வசதிகளையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே ஒரு படி ஏற முடியாதவருக்குச் சாய்தளம் கேட்பது எப்படி உரிமையோ, திரையை வாசிக்க முடியாதவருக்குக் குரல் வழி கேட்பதும் அப்படியே உரிமை. அது பிச்சை அல்ல.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியவை

படித்த தம்பி தங்கைகளே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை எடுத்து இந்த வேலைகளைச் செய்து கொடுங்கள்.

1. அமைப்புப் பகுதியில் போய் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். மொழியைத் தமிழாக மாற்றலாமா என்று அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

2. அடிக்கடி பேசும் நாலைந்து பேரின் பெயரோடு அவர்கள் படத்தையும் சேருங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் மகளின் முகம் தெரியும்.

3. பார்வை குறைந்தவர் வீட்டில் இருந்தால், அண்ட்ரொய்ட் போனில் டோக்பேக் என்ற வசதி இருக்கிறது. விரல் படும் இடத்தை அது வாசித்துச் சொல்லும். முதல் இரண்டு நாள் தடுமாற்றமாக இருக்கும். பக்கத்தில் இருந்து பழக்குங்கள்.

4. இரகசிய இலக்கத்தைக் காட்டோடு சுற்றிச் சுருக்குப் பையில் வைக்க விடாதீர்கள். முன்பின் தெரியாத யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று விளக்குங்கள். மெசின் விளங்காவிட்டால் வேலை நாளில் பேங்குக்குள்ளே போய் உத்தியோகத்தரிடம் கேட்பது வெட்கம் அல்ல.

5. போனைப் பறித்து நீங்களே செய்து கொடுக்காதீர்கள். அவர்கள் விரலால் அவர்களே செய்யட்டும். நீங்கள் பொறுமையாகப் பாருங்கள்.

அரசாங்க அலுவலகங்களில் எதை எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் 1919 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கே தமிழிலும் பதில் சொல்வார்கள்.

முடிவாக

பாலையூற்றிலிருந்து திரும்பும் நாள் காலையில் அத்தையை மறுபடியும் மெசினுக்குக் கூட்டிப் போனோம். வெயில் ஏறுமுன் போனோம். திரையில் வருகிற சொற்களுக்கு அவருடைய பேச்சிலேயே விளக்கம் சொல்லிப் பழக்கியிருந்தோம். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம். அத்தை நுனிக்காலில் எம்பி நின்று, திரையை நேராகப் பார்த்து, ஒவ்வொன்றாக அமுக்கினார். காசு வந்தது. காட்டை முதலில் எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுவிட்டு, காசை இரண்டு தரம் எண்ணினார்.

"வந்துருச்சு தம்பி" என்றவர், கொஞ்ச நேரம் அந்த மெசினைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத செஞ்சவனுக்கு ஒரு கட்டையான ஆத்தா இல்ல போல."

அன்பானவர்களே, அதைவிட நன்றாக இந்த விடயத்தை நாம் சொல்லிவிட முடியாது. இனி ஒரு இயந்திரத்தின் முன்னால் தடுமாறி நிற்கும்போது, "எனக்குப் புத்தி பத்தாது" என்று சொல்லாதீர்கள். எந்த இடத்தில் விளங்கவில்லை, எந்த எழுத்துத் தெரியவில்லை என்று கவனித்து, வாய் திறந்து சொல்லுங்கள். பேங்கிலும் சொல்லுங்கள், ஸ்டோரிலும் சொல்லுங்கள், நமது அலுவலகத்திலும் வந்து சொல்லுங்கள். பாவிக்கிறவர் சொன்னால்தான் செய்கிறவருக்குத் தெரியும்.